முப்பத்தேழு பச்சை வரிகள்

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு அண்ணி விறுவிறுவென்று எழுந்து போனாளே, போன வாரம் அங்கேதான் நின்றோம். புதன்கிழமை ஒரு லிஃப்ட் ஐந்தாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு வழுக்கியதும், உள்ளே இருந்த தையல்காரப் பெண்ணுக்கு இரண்டு கணுக்காலும் முறிந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த லிஃப்டைத் திங்கட்கிழமைதான் சோதித்ததாக மெக்கானிக் அண்ணன் பெயரில் பதிவு இருந்தது. அண்ணனோ, "நான் அங்க போகவே இல்லை" என்றான். போகாமலே போனதாக எழுதினான் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இவ்வளவுதான். இது தெரியாமல் இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது, வாருங்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு விசாரணை.

காலை ஆறரைக்கே அண்ணி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே பாத்திரத்தை மூன்றாவது தடவையாகத் தேய்ப்பதை வாசற்படியில் நின்று பார்த்தாள் கடைக்குட்டி. அண்ணனுக்குப் பதினைந்து வயது இளைய தங்கை. முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

"பாத்திரம் தேஞ்சிடும் அண்ணி."

"தேயட்டும். என் மானமே தேஞ்சு போச்சு, பாத்திரம் என்ன பெரிய பாத்திரம்? மாடிப்படியில ரெண்டு பேர் நின்னு பேசினா எங்களைப் பத்தித்தான் பேசறாங்களோன்னு இருக்கு."

"அண்ணன் அப்படிப் பண்ற ஆள் இல்லை அண்ணி."

"எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். ஆனா பதிவு இருக்குங்கறாங்களே! எங்கிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லட்டுமே, நான் என்ன போலீஸா?"

குளியலறைக் கதவு திறந்தது. அண்ணன் ஈரத்தலையோடு வெளியே வந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நான் எழுதலை" என்றான்.

"பின்னே பூதம் வந்து எழுதிச்சா?"

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி பொத்தான் போட்டான். ஒரு பொத்தான் மாறிப்போனது. அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு கடைக்குட்டியின் பக்கம் திரும்பினாள்.

"நீதானே அந்தத் திரையைப் பண்ணினவ? போ. போய்த் தோண்டு. எவனாவது இவர் நம்பர்ல உள்ள நுழைஞ்சானான்னு பாரு. பன்னிரண்டு மணிக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

* * *

அந்தத் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் அது. அண்ணன் கீழே பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக். கடைக்குட்டி மேல்மாடியில் கணினிப் பிரிவு. பட்டறைச் சுவரில் ஒரு பெரிய திரை. நிறுவனம் பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகள் அத்தனையும் அதில் வரிவரியாக நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். சோதித்து முடித்தது பச்சை, நாள் நெருங்குவது மஞ்சள், நாள் கடந்தது சிவப்பு. காலையில் மெக்கானிக்குகள் மஞ்சளையும் சிவப்பையும் குறித்துக்கொண்டு கிளம்புவார்கள். பச்சையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

"இது எங்க குட்டி போட்டது" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்வான். சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குகிறான் என்று அவள் திட்டியிருக்கிறாள். உள்ளூரப் பிடிக்கும்.

எட்டரைக்கு அவள் கணினி முன் உட்கார்ந்தாள். திரையில் தெரிவதை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் மூலக் கோப்பைத் திறந்தாள். மெக்கானிக்குகள் கையில் ஆளுக்கொரு சின்னக் கருவி உண்டு. வேலை முடிந்ததும் அதில் தட்டினால் அது அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பும். லிஃப்டின் எண், ஆளின் எண், தேதி, நேரம், குறிப்பு. நடுவில் காற்புள்ளி. அவ்வளவுதான் விஷயம். அவள் எழுதிய நிரல் அந்த வரிகளைப் படித்து, தேதியைப் பிரித்தெடுத்து, பச்சையா மஞ்சளா என்று முடிவு செய்யும்.

விழுந்த லிஃப்டின் எண்ணைப் போட்டுத் தேடினாள். கடைசியாக வந்த வரியைப் பார்த்தாள். அண்ணனின் எண். தேதி இருக்க வேண்டிய இடத்தில், 1970 ஜனவரி 1, நேரம் பூஜ்ஜியம் மணி ஏழு நிமிஷம்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1970-இல் அண்ணன் பிறக்கவில்லை. அம்மாவுக்கே கல்யாணம் ஆகவில்லை.

பிறகு சிரிப்பு நின்றது.

அந்தக் கருவியின் பேட்டரியைக் கழற்றினால் அதற்கு நேரம் மறந்துபோகும். திரும்ப மாட்டினால், உலகமே அன்றைக்குத்தான் பிறந்தது போல 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அலுவலகத்தோடு தொடர்பு கிடைத்ததும் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். தொடர்பு கிடைக்காத அடித்தளத்தில் நின்று தட்டினால் அந்த வரி 1970-ஓடுதான் வந்து சேரும். அண்ணன் பேட்டரியைக் கழற்றுவான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்கும்போது அந்தக் கருவி திடீரென்று அலறினால் ஆள் பயந்துவிடுவான் என்று, ஏறுவதற்கு முன் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

சரி, 1970 என்று வந்த வரி திரையில் எப்படித் திங்கட்கிழமை ஆனது?

நிரலைத் திறந்து தேதி பிரிக்கும் இடத்துக்குப் போனாள். இருபது வரிதான். பதினோராவது வரியில் அவள் கண் நின்றது. வருஷம் 2000-க்கு முன்னால் இருந்தால் அதை விட்டுவிடு, இன்றைய தேதியைப் போட்டுக்கொள். பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. 'தற்காலிகம். பிறகு சரிசெய்ய வேண்டும்.'

எழுதியவள் அவளேதான். நாலு வருஷமாகிறது.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தப்பான தேதி ஒன்று வந்தாலே நிரல் அப்படியே நின்றுவிடும், பட்டறைத் திரை கறுத்துப்போகும், எல்லோரும் மாடிக்கு ஓடி வருவார்கள். "நிக்கக் கூடாதும்மா, ஏதாவது ஒரு தேதியைப் போட்டு ஓட விடு" என்றார் மேலாளர். போட்டாள். ஓடியது. வேறு வேலை வந்தது. மறந்தே போனாள்.

நிரல் திங்கட்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு அந்தக் கோப்பை முதல் வரியிலிருந்து புதிதாகப் படிக்கும். அப்படியானால் அந்த லிஃப்ட் ஒவ்வொரு திங்கட்கிழமையும் 'இன்று சோதிக்கப்பட்டது'. அடுத்த திங்கட்கிழமையும் அதே. அதற்கு அடுத்ததும் அதே. மஞ்சள் வரவே வராது. எத்தனை மாதம் ஆனாலும் பச்சை. யாரும் போகாமல் கிடக்கக் கிடக்கப் பச்சை.

அண்ணன் அங்கே நிஜமாகப் போனது எப்போது? அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருந்த நல்ல வரிகளின் தேதியைப் பார்த்தாள். பதினாலு மாதத்துக்கு முன்.

பூதம் எது என்று அண்ணிக்குச் சொல்ல இப்போது பதில் கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரு தேடல் பாக்கி இருந்தது. 1970 என்று தொடங்கும் வரிகள் எத்தனை? இரண்டு தடவை தப்பாகத் தட்டி, மூன்றாவது தடவை சரியாகத் தட்டினாள்.

புதன்கிழமை விழுந்ததைச் சேர்க்காமல் முப்பத்தேழு. எல்லாம் பச்சை.

* * *

மேலாளருக்கு அலுவலகத்தில் 'பரவாயில்லை சார்' என்று பெயர். எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் முதல் வார்த்தை அதுதான். இடி விழுந்தது என்றாலும் பரவாயில்லை, எங்கே விழுந்தது என்பார்.

பத்து மணிக்கு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பரவாயில்லை" என்றார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். நேரா உங்ககிட்டதான் வரேன். அந்த முப்பத்தேழையும் உடனே நிறுத்தணும் சார்."

"நிறுத்தலாம், நிறுத்தலாம். லிஸ்டை எனக்கு அனுப்பு. முகவரியோட. நான் பாத்துக்கறேன்."

"நிரல்ல அந்த வரியை எடுத்துடட்டுமா?"

"தொடாதே!" சற்று உரக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எடுத்தா திரையில முப்பத்தேழும் ஒரே நேரத்துல சிவக்கும். பட்டறையே மாடிக்கு ஏறி வரும். விசாரணை முடியட்டும்."

"விசாரணையில நான் சொல்லிடறேன் சார். தேதியைப் போட்டது அண்ணன் இல்லை, நான்தான்னு."

பரவாயில்லை சார் அவளை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உட்காரும்மா. யோசிச்சுப் பாரு. நீ சொன்னா உன் வேலை போகும். அதோட போனாப் பரவாயில்லை. ரெண்டு கால் ஒடைஞ்ச கேஸ் இது, நாளைக்கு உன்னைத் தேடித்தான் வருவாங்க. சரி, உன் அண்ணன் தப்பிப்பாரா? பேட்டரியைக் கழட்டினது யாரு? ஒரே வீட்டுல ரெண்டு பேரும் மாட்டுவீங்க. நீ வாயைத் திறக்காம இரு. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட அவரை நான் வெளிய கொண்டு வந்துடறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும்."

"பொய்ப் பதிவு பண்ணினார்னு அவர் பேர்ல நிக்குமே சார்?"

"நிக்கட்டுமே. எத்தனை நாளைக்கு? ஜனங்க மறந்துடுவாங்க."

அவள் எழுந்தாள். லிஃப்டுகளை நிறுத்துவது முதல் காரியம், மற்றதெல்லாம் பிறகு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருக்கைக்குத் திரும்பி, முப்பத்தேழு முகவரிகளையும் அவருக்கு அனுப்பினாள். அப்போது மணி பத்தேகால். ஒரு பிரதி அச்சடித்து மடித்துக் கைப்பையிலும் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

* * *

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். தாழ்வாரத்து நாற்காலியில் அண்ணன் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? அண்ணி ஏதாவது திட்டினாளா?"

"அதில்லை. திரையில அந்தத் தேதி இருக்கே..."

"திரையைச் சொல்லாதே குட்டி. நீ போட்டது தப்பு சொல்லாது. எவனோ என் நம்பரைத் தட்டியிருக்கான். அவனைத்தான் பிடிக்கணும்."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்லித் தொலையேன் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. அதற்குள் கதவு திறந்து உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீள மேசை. தலைப்பக்கத்தில் தலைமைப் பொறியாளர். நரைத்த கிராப்பும் கறாரான வாயுமாக, ஐம்பத்தைந்து வயது அம்மாள். பக்கத்தில் பரவாயில்லை சார். பதிவுகளைத் திரையில் போட்டுக் காட்டுவதற்காகக் கடைக்குட்டிக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. அண்ணன் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"திங்கட்கிழமை அங்க போனீங்களா?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

"இல்லை மேடம்."

"கடைசியா எப்போ போனீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஒரு வருஷமா? ஏன் போகலை?"

"காலையில திரையில அந்த லிஃப்ட் மஞ்சளாவே வரலை மேடம். வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். எங்களுக்கு வர்ற வேலையே தலைக்கு மேல இருக்கும்."

"அப்போ உங்க பேர்ல இருக்கற இந்தப் பதிவு?"

"தெரியலை மேடம்."

பரவாயில்லை சார் முன்னால் குனிந்தார். "நம்பர் இவரோடதுதான் மேடம். வெளியாள் நுழைஞ்சதுக்குத் தடயம் இல்லை. நல்ல வேலைக்காரர், ஏதோ ஒரு அசதியில பண்ணிட்டார். ஒத்துக்கிட்டா எச்சரிக்கையோட விடலாம்னு நான் சிபாரிசு பண்றேன்."

அண்ணன் நிமிர்ந்தான். "செய்யாததை எப்படி சார் ஒத்துக்கறது?" என்றான். "வீட்டுல என் பொண்டாட்டியே என்னை நம்பலாமா வேண்டாமான்னு பாக்கறா சார்."

கடைக்குட்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அந்தத் தேதியை அவர் போடலை மேடம். நான் போட்டேன்."

பரவாயில்லை சார் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடியே சமாளித்துக்கொண்டார். "தங்கச்சி மேடம். பாசத்துல ஏதோ பேசறாங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் தலைமைப் பொறியாளர். "நீ சொல்லும்மா."

அவள் மூல வரியைச் சுவரில் காட்டினாள். 1970-ஐக் காட்டினாள். தன் நிரலையும், பதினோராவது வரியையும், பக்கத்தில் எழுதியிருந்த 'தற்காலிக'த்தையும் காட்டினாள். நடுவில் ஒருமுறை அண்ணனைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேட்டரியை எதுக்குக் கழட்டினீங்க?" என்று அவனைக் கேட்டார் தலைமைப் பொறியாளர்.

"மேல ஏறும்போது எப்பவும் கழட்டிடுவேன் மேடம். முன்னாடி ஒருத்தன் எங்கூட மேல நிக்கும்போது அது அலறிச்சு. திடுக்கிட்டுப் பக்கத்துல கிடைச்சதைப் பிடிச்சான். ஓடற கயிறு அது. ரெண்டு விரல் போச்சு."

"இதை இங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலை மேடம்."

அந்த அம்மாள் பிறகு கடைக்குட்டியிடம் திரும்பினார். "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

"இன்னும் முப்பத்தேழு இருக்கு மேடம்."

மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். தலைமைப் பொறியாளர் அதை அண்ணன் பக்கம் தள்ளினார். அவன் ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். ஒவ்வொரு லிஃப்டையும் அவனுக்கு ஆளைத் தெரிவது போலத் தெரியும். பாதித் தாளில் விரல் நின்றது.

"ஐயோ" என்றான்.

"என்ன?"

"இதுல பிரேக் பட்டை தேஞ்சு போயிருந்துது மேடம். மூணு மாசத்துக்குள்ள மாத்தணும்னு குறிப்பு எழுதினேன். எழுதி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே! மாத்தியிருப்பாங்கன்னுல்ல நினைச்சேன்?"

தலைமைப் பொறியாளர் கடைக்குட்டியைப் பார்த்தார்.

"அடுத்த சோதனை நாள் வந்தாத்தான் குறிப்பு திரையில திறக்கும் மேடம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த நாள் வரவே இல்லை."

"எத்தனை மாடி?"

"பதினொண்ணு மேடம்" என்றான் அண்ணன். "நாளுக்கு இருநூறு பேர் ஏறி இறங்கற கட்டடம்."

"முப்பத்தேழையும் நிறுத்துங்க. இப்பவே. இதுக்கு நீங்களே போங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"எல்லா இடத்துக்கும் நான் போன் பண்ணிடறேன் மேடம்" என்று பரவாயில்லை சார் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெளியே போனார்.

* * *

அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அவள் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள். இறங்கு என்றும் அவன் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பின்னால் இருக்கும்போது அவன் வாய் மூடி ஓட்டியதே கிடையாது. இன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

சிக்னலில் நிற்கும்போது அண்ணியின் அழைப்பு வந்தது.

"மணி ஒண்ணாகப் போகுது. அவர் எடுக்க மாட்டேங்கறார். என்னடி ஆச்சு?"

"அண்ணன் எழுதலை அண்ணி. நிரூபணம் ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அண்ணி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "பத்தொன்பது வருஷம்! அந்தப் பாவி யாருன்னு தெரிஞ்சுதா? பேரைச் சொல்லு. நேராப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"நான்தான் அண்ணி."

"என்னது?"

"நான் எழுதின நிரல்தான். நான்தான்."

அண்ணி எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஓயாத வாய். சிக்னல் மாறியது. தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

* * *

கட்டடத்துக்குள் அவர்கள் ஓடியபோது லிஃப்ட் கீழேதான் இருந்தது. கதவு திறந்து இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். அண்ணன் உள்ளே கால் வைக்காமல், கதவு மூடாதபடி கையால் தடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

உள்சுவரில் பொத்தான்களுக்கு மேலே நிறுவனத்தின் சோதனைச் சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் மெக்கானிக் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டுகிற சீட்டு. புத்தம் புதிது. அதில் இந்த வாரத் திங்கட்கிழமையின் தேதி. அடியில் அண்ணனின் கையெழுத்து.

அண்ணன் விரலால் அதைத் தடவினான். வழவழத்த தாளில் நீல மை இழுபட்டு விரலில் ஒட்டிக்கொண்டது.

"என் கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றான். அலுவலகத்தை விட்டுக் கிளம்பியபின் அவன் பேசிய முதல் வார்த்தை.

காவலாளி மேசையை விட்டு எழுந்து வந்தார். "யாரு நீங்க? கதவை விடுங்க, ஜனங்க நிக்கறாங்க."

"இந்தச் சீட்டை யாரு ஒட்டினது?"

"உங்க ஆபீஸ் ஆள்தான். பதினோரு மணி இருக்கும். வந்தாரு, ஒட்டினாரு, போயிட்டாரு."

"மேல மெஷின் ரூமுக்குப் போனாரா?"

"இல்லையே. ரெண்டு நிமிஷம்கூட நிக்கலை."

பதினோரு மணி. விசாரணையில் கடைக்குட்டி வாயைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். திரையில் அவள் நிரல் போட்ட பொய்த் தேதிக்கு, இங்கே யாரோ தாளில் சாட்சி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கே மட்டும்தானா? இன்னும் முப்பத்தாறு இடம் இருக்கிறதே?

"இந்த லிஃப்டை நிறுத்தணும்" என்றான் அண்ணன். "பிரேக் போயிருக்கு. மெஷின் ரூம் சாவியைக் குடுங்க, சீக்கிரம்."

"அது நடக்காது சார்." காவலாளியின் குரல் மாறியது. "இப்பத்தான் உங்க ஆபீஸ்லேருந்து போன் வந்துது. வேலையை விட்டு நிறுத்தின ஆள் ஒருத்தர் வருவாரு, கோவத்துல இருக்காரு, எதையும் தொட விடாதேன்னு சொன்னாங்க. நீங்கதானே அது?"

"அய்யா, சொன்னாக் கேளுங்க, இது விழும்!"

"விழுமா? திங்கட்கிழமைதானே நீங்க பாத்திருக்கீங்க? கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கே?"

அண்ணனின் கை கதவிலிருந்து நழுவியது. அந்த இடைவெளியில், பைகளோடு ஒரு தம்பதியும், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரும், "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கடைக்குட்டி பாய்ந்து பொத்தானை அழுத்துவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

அண்ணன் மாடிப்படிப் பக்கம் ஓடினான். இரண்டு படி ஏறியவன் நின்று திரும்பினான்.

"அந்த லிஸ்டை எங்களுக்கு முன்னாடி யார்கிட்ட குடுத்த?"

"பரவாயில்லை சார்கிட்ட. பத்தேகாலுக்கு. நிறுத்திடுவார்னு நினைச்சுக் குடுத்தேன் அண்ணா."

அண்ணன் அவளைத் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெற்றியில் நீல மை தீற்றிக்கொண்டது.

"இங்கேயே நில்லு. யார் வந்தாலும் ஏத்தாதே. நான் போய்ப் பூட்டை உடைச்சு நிறுத்தறேன்."

இரண்டிரண்டு படியாகத் தாவி அவன் வளைவில் மறைந்தான். காவலாளி கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். கடைக்குட்டி லிஃப்ட் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். என்னம்மா விளையாடறியா என்றார் ஒருவர். அவள் கதவுக்கு மேலே ஒளிரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு, ஏழு, எட்டு. எண் நிற்காமல் ஏறிப் பதினொன்றில் போய் நின்றது. அங்கேயே இரு, அங்கேயே இரு என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். படிக்கட்டில் அண்ணன் ஓடும் சத்தம் நாலாவது மாடியைக்கூடத் தாண்டியிருக்காது. மேலே யாரோ ஏறிக் கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். பதினொன்று அணைந்து, பத்து எரிந்தது.